இன்னும் ஒரே ஒரு வாய்

மார்ச் 4, செவ்வாய்

இன்று குழந்தைகள் மருத்துவமனையில் என் மீது அநியாயமாகப் பழி போடப்பட்டது. போட்டவள் அங்கே எடை பார்த்து ஆலோசனை சொல்லும் டயட்டீஷியன் பெண். உடந்தை என் மருமகள். பக்கத்தில் உட்கார்ந்து தன் நகத்தையே ஆராய்ந்துகொண்டிருந்த என் மகனும் உடந்தைதான்.

நடந்தது இது. பேத்திக்கு ஐந்து வயது. நடக்கத் தொடங்கியதிலிருந்து நான் வைத்த பெயர் கட்டெறும்பு. ஓரிடத்தில் நிற்காது, கோபம் வந்தால் கடிக்கும். இன்றைய எடை இருபத்து நாலு கிலோ அறுநூறு கிராம். வயசுக்கு ஐந்தாறு கிலோ அதிகமாம்.

"மத்தியானம் பாப்பா யார் கூட இருக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"மாமா கூட," என்றாள் மருமகள்.

அவ்வளவுதான் விசாரணை. அவள் படிவத்தில் எழுதினாள். நான் மேஜைக்கு எதிர்ப்பக்கம். தலைகீழ் எழுத்தைப் படிப்பது எனக்குப் பழக்கம். ஆலை கேண்டீனில் முப்பத்தொரு வருஷம் கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்து நீட்டிய சீட்டுகளை அப்படித்தான் படித்தேன். 'முக்கியக் காரணம்: மதிய நேரக் கவனிப்பு.'

மதிய நேரக் கவனிப்பு என்றால் நான். பெயரை விட்டுவிட்டு எழுதினால் ஆள் தெரியாதா?

அந்தக் குழந்தைக்கு இன்றுவரை நான் ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுத்தது கிடையாது. ஒரு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தது கிடையாது. என்னைப் போய்.

ஆறு வாரம் கொடுத்திருக்கிறார்கள். "எடை குறையணும்னு இல்ல. ஏறாம இருந்தா போதும். உயரம் ஏற ஏறத் தானா சரியாயிடும்," என்றாள். ஏறினால் மதியத்துக்கு வேறு ஏற்பாடு பார்க்க வேண்டுமாம். மருமகள் அதையும் பார்த்துவைத்துவிட்டாள். அவள் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையை ஒட்டி ஒரு குழந்தைகள் காப்பகம். விண்ணப்பம் பிரிட்ஜ் மேல் இருக்கிறது.

பன்னிரண்டரைக்குப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது முதல் ஐந்தரைக்கு அவள் அம்மா வரும் வரை கட்டெறும்பு என் பொறுப்பு. மிச்ச நேரம் நானும் சுவரும். அந்த ஐந்து மணி நேரத்துக்குத்தான் குறி வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 5, புதன்

உண்மையான குற்றவாளி யார் என்று நானே கண்டுபிடிக்கப் போகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். கேண்டீன் அரிசி மூட்டையில் அச்சடித்ததை எழுத்துக் கூட்டிப் படித்து, பிறகு பொட்டலம் கட்டிய காகிதம், பிறகு முழுச் செய்தித்தாள் என்று முன்னேறியவன். துப்புத் துலக்க டிகிரி வேண்டுமா என்ன?

பள்ளிக்கு அரை மணி முன்னதாகவே போய் ஜன்னலோரம் நின்றேன். டீச்சர் மேஜை மேல் பெரிய கண்ணாடிப் பாட்டில். எழுதி முடித்தால் ஒரு டாஃபி. வரைந்து முடித்தால் ஒரு டாஃபி. ஒன்றுமே செய்யாமல் வாயை மூடிக்கொண்டு இருந்தாலும் ஒரு டாஃபி.

வெளியே வந்ததும் கட்டெறும்பிடம் கேட்டேன்.

"இன்னிக்கு எத்தனை?"

"மூணு. நான் நல்ல பொண்ணு தாத்தா."

"நேத்து?"

"நேத்து ஒண்ணுதான். நேத்து கெட்ட பொண்ணு."

பிடித்துவிட்டேன் ஒருத்தரை.

மார்ச் 6, வியாழன்

தலைமை ஆசிரியைக்குக் கடிதம் எழுதினேன். நாலு பக்கம். நல்ல பெண்ணா கெட்ட பெண்ணா என்பதை வாயில் போட்டு மென்று முடிவு செய்யலாமா என்று ஒரு கேள்வி. அது நன்றாக வந்திருக்கிறது.

மதியம் சோறு, முட்டை, பீன்ஸ். நான் போட்டேன், அவள் சாப்பிட்டாள். நடுவில் "போதும் தாத்தா" என்றாள். "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று சொல்லி நாலு வாய். தட்டைக் கழுவாமலே அலமாரியில் அடுக்கலாம், அவ்வளவு சுத்தம். வீட்டுச் சாப்பாட்டை முழுசாகச் சாப்பிடும் குழந்தை இந்தக் காலத்தில் எத்தனை வீட்டில் இருக்கிறது?

மார்ச் 7, வெள்ளி

இரண்டாவது ஆள் தெருமுனை மருந்துக் கடைக்காரர். என் ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் அவளைக் கூட்டிப் போகிறேன். நான் சீட்டைத் தேடும் நேரத்தில் அந்த மனிதர் கண்ணாடிப் பெட்டிக்கு மேலாகக் கையை நீட்டி அவளுக்கு ஜெல்லி மிட்டாய் கொடுக்கிறார். இத்தனை நாள் என் மூக்குக்கு நேராக நடந்திருக்கிறது.

"ஏங்க, மருந்துக் கடையில மிட்டாய் எதுக்கு?"

"குழந்தைங்க அழுதா கடைக்குள்ள நிக்க முடியலைங்க பெரியவரே. தலைவலி வருது."

"தலைவலிக்கு மாத்திரை உங்க கடையிலயே இருக்கே. அதைப் போட்டுக்குங்க."

பின்னால் நின்ற இருமல்காரர் சிரித்தார். கடைக்காரர் சிரிக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மூன்றாவது ஆளைப் பிடிக்க எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. சம்பந்தியே பையோடு வந்தார்.

மருமகளின் அப்பா. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் பத்து மணிக்கு வருவார், இப்போதும் நேர அட்டவணைப்படி. பையில் கிரீம் பிஸ்கட், சாக்லேட், காரச் சிப்ஸ், கலர் தண்ணீர் பாட்டில். கட்டெறும்பு 'பஸ் தாத்தா' என்று ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ளும்போது கண் பையின் மேல்.

மேஜையில் ஒவ்வொன்றாக எடுத்துவைத்துப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை லென்ஸ் வைத்துச் சத்தமாகப் படித்தேன். பழ பிஸ்கட்டில் பழம் நூற்றுக்கு இரண்டு பங்கு. மிச்சம் தொண்ணூற்றெட்டில் பாதிக்குப் பெயரே எனக்கு வாயில் நுழையவில்லை.

"சம்பந்தி, இது குழந்தை திங்கறதுக்கா, கொசு மருந்தா அடிக்கறதுக்கா?"

"வாரத்துல ஒரு நாள் வர்றவன் வெறுங்கையோட வரலாமா? நீங்க தினம் பார்க்கறீங்க, உங்களுக்கு என்ன."

"வெறுங்கையோட வாங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு விளையாடுங்க."

"முட்டி மடங்கல சம்பந்தி. குனிய முடியல, தூக்க முடியல. வேற எதைக் காட்டி அவளை என்கிட்ட வரவைக்கறது?"

ஆனாலும் பையைத் திருப்பிக் கொடுத்தனுப்பினேன். மருமகள் இரவுச் சாப்பாட்டில் எனக்கு உப்புப் போடவில்லை. மறதி என்று வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

மருந்துக் கடைக்காரர் என்னைத் தூரத்தில் கண்டதும் மிட்டாய் டப்பாவைக் கீழே வைத்தார். முன்னேற்றம்.

மார்ச் 13, வியாழன்

நாலாவது ஆள் என் சொந்த ரத்தம். மகன் அவளுக்கு இரவுச் சாப்பாடு ஊட்டும்போது எதிரில் போனை நிறுத்திவைக்கிறான். அதில் ஒரு கரடி. கரடி ஆடுகிறது, பாடுகிறது, கடைசியில் ஒரு பாக்கெட்டைக் கிழித்து வாயில் கொட்டிக்கொள்கிறது. கட்டெறும்புக்கு வீட்டு விலாசம் தெரியாது. கரடியின் பாட்டு நாலு சரணமும் தெரியும். கண் கரடி மேல், வாய் மட்டும் திறந்து மூடுகிறது. உள்ளே போவது சோறா, சட்டை பொத்தானா என்று அவளுக்குத் தெரியாது.

"போனை எடுடா."

"எடுத்தா சாப்பிட மாட்டாப்பா."

"பசிச்சா சாப்பிடுவா."

"நாள் முழுக்க லிஃப்ட் ரிப்பேருன்னு குழிக்குள்ள நின்னுட்டு வர்றேன். ஒரு மணி நேரம் வாயைத் திற, வாயைத் திறன்னு கெஞ்ச என்னால முடியலப்பா. நீங்க கெஞ்சுங்க."

கெஞ்சுவதா? என் எதிரில் அவள் அரை மணியில் முடித்துவிடுகிறாள். போன் கிடையாது, கரடி கிடையாது. பார்த்துக் கற்றுக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் கண் சிவந்திருந்தது. விட்டுவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

பள்ளியிலிருந்து பதில் வந்துவிட்டது. டாஃபி நிறுத்தம். இனிமேல் எழுதி முடித்தால் கையில் நட்சத்திர முத்திரை குத்துவார்களாம். கட்டெறும்பு இரண்டு கை நிறைய நட்சத்திரத்தோடு வந்தாள். கையைக் கழுவ மாட்டேன் என்கிறாள். அது வேறு பிரச்சினை.

மருந்துக் கடையில் பலூன் தருகிறார். ஊதித் தருவதில்லை; என்னை ஊதச் சொல்கிறார். பழிவாங்குகிறார், பரவாயில்லை.

மார்ச் 23, ஞாயிறு

சம்பந்தி சோப்பு நுரை ஊதும் பாட்டிலோடு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஊதினார், அவள் துரத்தித் துரத்தி உடைத்தாள். குனிய வேண்டிய அவசியமே இல்லை. மனுஷன் மூச்சு வாங்கும் வரை ஊதினார். என்னிடம் நேரடியாகப் பேசவில்லை. "யாரோ சொன்னாங்கன்னு கொண்டாந்தேன்," என்று கூடத்துக்குப் பொதுவாகச் சொன்னார்.

ஏப்ரல் 2, புதன்

இரண்டு வாரமாக டாஃபி இல்லை, ஜெல்லி இல்லை, பை இல்லை. மகன்கூடப் போனைக் கவிழ்த்து வைக்கிறான். எல்லா வாசலையும் அடைத்துவிட்டேன்.

பாவம், நொறுக்குத்தீனி எல்லாம் ஒரேயடியாக நின்றுபோனதே, குழந்தை ஏங்கிவிடப் போகிறது என்று மதியம் அரைக் கரண்டி கூட்டிப் போடுகிறேன். அதையும் முடித்துவிடுகிறாள். கெட்டிக்காரி.

ஏப்ரல் 14, திங்கள்

நாளை மருத்துவமனை. சட்டைக்கு இஸ்திரி போட்டாயிற்று. அந்த டயட்டீஷியன் பெண் மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வது? 'பரவாயில்லம்மா' என்று சொல்லலாம். உடனே சொல்ல வேண்டாம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இருபத்தைந்து கிலோ முந்நூறு.

எழுநூறு கிராம் ஏறியிருக்கிறது. மெஷின் கோளாறு என்றேன். வேறு மெஷினில் நிறுத்தினாள். அதே முந்நூறு.

பிறகு ஒரு காரியம் செய்தாள். ஒரு தட்டையும், ஒரு பாத்திரம் நிறைய ரப்பர் மணிகளையும் எடுத்துவைத்தாள். சோற்றின் கனத்துக்கு என்றே செய்த மணிகளாம். "பாப்பாவுக்கு மத்தியானம் எப்படிப் போடுவீங்களோ அப்படியே போடுங்க ஐயா."

போட்டேன். தட்டைத் தராசில் வைத்தாள். கொட்டிவிட்டு மறுபடி போடச் சொன்னாள். மூன்று தடவை. முந்நூற்றுப் பன்னிரண்டு, முந்நூற்றுப் பத்து, முந்நூற்றுப் பன்னிரண்டு.

"ரெண்டு கிராம்தான் வித்தியாசம். எனக்கே இப்படி வராதுங்க ஐயா."

"கேண்டீன்ல முப்பத்தொரு வருஷம்மா. கை அளவு தப்பாது."

"அங்க யாருக்குப் போட்டீங்க?"

"உருக்குப் பட்டறை ஆளுங்களுக்கு. உலைக்கு முன்னாடி நிக்கறவங்க."

சொல்லி முடிக்கும்போதே என் வாய் மெதுவாகிவிட்டது. என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்தாள். "இது பாப்பாவோட அளவு." என் தட்டிலிருந்து அந்தக் கிண்ணத்தை மூன்று தடவை நிரப்பலாம்.

கட்டெறும்பைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "குட்டி, வயிறு நிறைஞ்சிடுச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் யோசிக்கவே இல்லை. "தாத்தா சொல்லுவாரு."



ஏப்ரல் 16, புதன்

நானா? நான் கெடுத்தேனா? டாஃபியை நிறுத்தினது யாரு? பையைத் திருப்பி அனுப்பிச்சு கெட்ட பேர் வாங்கினது யாரு? ஊரே சேர்ந்து அந்தப் புள்ள வாயில கண்டதையும் போட்டுச்சு, நான் ஒருத்தன் சோறு போட்டேன். சோறு. அதுக்கு எனக்கு இந்தப் பேரா?

ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிரிட்ஜ் மேல் இருந்த விண்ணப்பம் மேஜைக்கு வந்திருக்கிறது. மருமகள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். மகன் கையெழுத்துக்கு இடம் காலியாக இருக்கிறது. பேனா பக்கத்திலேயே.

இன்று மதியம் சோறு போடும்போது கை தானாகவே அந்தப் பழைய அளவுக்குப் போய் நின்றது. இறக்கிப் போடப் பார்த்தேன். முடியவில்லை. கரண்டியைக் குறைத்துச் சாய்த்தால் ஏதோ திருடுகிறவன் மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 17, வியாழன்

நேற்று எழுதியது கோபத்தில். கிழிக்க மாட்டேன், இருக்கட்டும்.

கேண்டீனில் கடைசிப் பன்னிரண்டு வருஷம் நான் பரிமாறும் மேற்பார்வை. தட்டுக் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பேன். மிச்சத்தைக் கொட்டும் வாளியை ஒவ்வொரு ஷிப்ட் முடிந்ததும் எடை போடுவார்கள். வாளி கனத்தால் மேனேஜர் கூப்பிடுவார். அதனால் யாராவது மிச்சம் வைத்துக்கொண்டு வந்தால் வழியை மறித்துக் கேட்பேன். "என்னய்யா, உப்பா, காரமா, என்ன குறை?" பாதிப் பேர் பயந்து நின்றபடியே தின்று முடிப்பார்கள். தட்டில் மிச்சம் இருந்தால் அது என் மேல் எழுதிய புகார். அப்படித்தான் படித்துப் பழகியிருக்கிறேன்.

ஐந்து வயசுக் குழந்தை தட்டிலும் அதையேதான் படித்திருக்கிறேன் போல.

இன்று மதியம் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று உட்கார்ந்தேன். பாதித் தட்டில் அவள் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவளும் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"எனக்குப் போதுமா தாத்தா?"

"எனக்கு எப்படிடி தெரியும்? உன் வயிறுதானே."

வயிற்றை இரண்டு கையாலும் தட்டிப் பார்த்தாள். "உள்ள ஏதோ இருக்கு," என்றாள். நிறைந்திருக்கிறதா என்று கேட்டால் தெரியவில்லையாம். ஐந்து வருஷத்தில் அவளை யாரும் கேட்டதில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

மருமகள் கண்ணாடி மாட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். போய் எதிரில் நின்றேன்.

"இன்னும் ஆறு வாரம். அதுக்கப்புறம் நீயே உன் புருஷன் கையைப் பிடிச்சுக் கையெழுத்து வாங்கிக்க."

"மாமா, இந்த வீட்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆச்சு. நீங்க எதையும் கேட்டு நான் பார்த்ததில்ல."

"இப்பவும் கேக்கல. சொல்றேன்."

"கேளுங்க. தர்றேன்."

இரண்டு துவாலை மடிக்கும் நேரம் நின்றேன்.

"சரி, கேக்கறேன்."

விண்ணப்பத்தை எடுத்து அலமாரித் துணிக்கு அடியில் வைத்தாள். சிரிக்கவில்லை. அதற்காக அவளுக்கு ஒரு கும்பிடு போடலாம். போடவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

சம்பந்தியிடம் ரப்பர் மணி சமாச்சாரத்தைச் சொன்னேன். வீட்டில் யாராவது சொல்லி அவர் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வது மேல். பை விஷயத்துக்கு வட்டி போட்டுச் சிரிப்பார் என்று தயாராக இருந்தேன்.

சிரிக்கவில்லை. "நான் பயணியா பஸ்ஸுல போறேன்ல சம்பந்தி, இப்பவும் திருப்பம் வந்தா பிரேக் மிதிக்கிற மாதிரி வலது கால் தானா அழுந்துது. முன் சீட்டுக்காரன் திரும்பிப் பார்க்கறான்," என்றார். பிறகு இருவரும் அவரவர் காபியைக் குடித்தோம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று முதல் நான் கரண்டியைத் தொடுவதில்லை. அவளே போட்டுக்கொள்ள வேண்டும். முதல் நாள் மலை மாதிரி குவித்தாள். என் நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். மலையில் கால்வாசி சாப்பிட்டாள், எழுந்து போய்விட்டாள்.

முக்கால் மலை தட்டில். நானும் மலையும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

நான் சாப்பிட்டுவிட்டேன். கொட்ட மனசு வரவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

வெறும் கேரட் நாலு துண்டு. சோறு வேண்டாமாம். நாலு மணிக்கு "பசிக்குது" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. பசிக்க எங்கே நேரம் கொடுத்தேன்? மூடிவைத்திருந்த சோற்றைக் காட்டினேன். தானாகப் போட்டுக்கொண்டாள். ஒரு முட்டையும் சாப்பிட்டாள். போதும் என்றாள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

எட்டு நாளாக அவள் மிச்சத்தை நான் சாப்பிடுகிறேன். பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியதாயிற்று. மகன் ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்து போட்டுக் கொடுத்தான், முகத்தைக் கஷ்டப்பட்டு நேராக வைத்துக்கொண்டு. மருமகள் மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டாள்: "நீங்க குப்பைத் தொட்டி இல்ல மாமா. மூடி பிரிட்ஜுல வைங்க, ராத்திரி பார்த்துக்கலாம்."

பன்னிரண்டு வருஷம் வாளியைக் காத்தவனுக்கு மூடி வைக்கலாம் என்பது தோன்றவே இல்லை. கேண்டீனில் மூடி வைக்க அனுமதி கிடையாது.

மே 8, வியாழன்

தப்பு செய்துவிட்டேன். எழுதிவைக்கிறேன்.

அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல், நேற்றுதான் விட்டது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சூப்பைப் பாதியில் வைத்தாள். என்னையும் அறியாமல், "இன்னும் ஒரே ஒரு வாய்டா கண்ணு." உடனே வாயைத் திறந்தாள். ஒன்று. இரண்டு. கிண்ணம் காலி. அவ்வளவு சுலபமாக இருந்தது. அவள் முகத்தில் ஒரு கோபமும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் திற என்றால் திறக்கிறாள். நாளைக்கு வேறு எவன் திற என்றாலும் திறப்பாளா?

மாலை மருமகளிடம் சொன்னேன். "காய்ச்சல்ல எங்கம்மாவும் அப்படித்தான் ஊட்டுவாங்க," என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாள். தப்பு தப்புதான்.

மே 19, திங்கள்

சம்பவம். பக்கத்து வீட்டுக்காரி பிறந்தநாள் கேக் கொண்டுவந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டெறும்பு துண்டை எடுத்தாள், மேலே இருந்த கிரீம் பூவைத் தின்றாள், பாதிக் கேக்கோடு நிறுத்தினாள்.

"ஏம்மா, பிடிக்கலையா?" பக்கத்து வீட்டுக்காரிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"பிடிச்சிருக்கு ஆன்ட்டி. வயித்துல இடமில்ல. நாளைக்கு இடம் இருக்கும்."

எனக்கு எழுந்து நின்று கை தட்டலாம் போலிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி தப்பாக நினைப்பாளே என்று உட்கார்ந்தே இருந்தேன். அவள் மனம் கோணாமல் இருக்க நானே ஒரு முழுத் துண்டு சாப்பிட்டேன். அதில் ஒரு தவறும் இல்லை.

மே 27, செவ்வாய்

இருபத்தைந்து கிலோ முந்நூறு. உயரம் ஒரு சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. ஏறவில்லை. ஏறவே இல்லை.

டயட்டீஷியன் பெண் கையெழுத்துப் போட்டாள். "இன்னும் ஒரு வருஷம் இப்படியே போகணும்," என்றாள். படிவத்தில் என்ன எழுதினாள் என்று நான் தலைகீழாகப் படிக்கவில்லை. கண்ணாடி எடுத்து வரவில்லை.

மன்னிப்பு அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. காரணம் நான் மட்டும்தான் என்பதை இன்றும் ஏற்கவில்லை. டாஃபி பாட்டில், கரடி, பை, எல்லாமும்தான். என் கையும்தான். அந்தக் கடைசி வாக்கியத்தை அவளிடம் வாய்விட்டே சொன்னேன். "தெரியும் ஐயா," என்றாள். அவள் வேலையில் கெட்டிக்காரி. அதை ஒப்புக்கொள்கிறேன்.

வரும் வழியில் மகன் விண்ணப்பத்தைக் கிழித்துவிடலாம் என்றான். பின் சீட்டிலிருந்து கட்டெறும்பு, "அந்தக் காப்பகத்துல சறுக்குமரம் இருக்கு," என்றாள். அவள் வகுப்புத் தோழி ஒருத்தி அங்கே போகிறாளாம். போக வேண்டுமாம். எத்தனை நாள் என்று கேட்டோம். விரலை எண்ணி, "ரெண்டு நாள் போதும்," என்றாள்.

போதும் என்றால் போதும். அதை நான் எப்படி மறுக்க?

மே 28, புதன்

பிரிட்ஜில் ஒட்ட எழுதித் தரச் சொன்னாள் மருமகள். இங்கே எழுதிப் பார்த்துவிட்டுப் பிரதி எடுக்கிறேன்.

டீச்சர்: முத்திரையோடு நிற்க வேண்டும். யார் வீட்டுப் பிறந்தநாளுக்காவது மிட்டாய் வந்தால் எல்லாருக்கும் கொடுக்கட்டும், நல்ல பிள்ளைக்கு மட்டும் என்று கொடுக்கக் கூடாது.

மருந்துக் கடைக்காரர்: பலூனை அவரே ஊதித் தர வேண்டும். எனக்கு ரத்த அழுத்தம், அது அவருக்கே தெரியும்.

சம்பந்தி: ஞாயிறு ஏதாவது தின்னக் கொண்டுவரத் தோன்றினால் பெரியவர்கள் நாலு பேருக்கும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டு முடித்துவிடலாம். ஒளித்துக் கொடுக்கக் கூடாது.

மகன்: மேஜையில் போன் கூடாது, அவன் போனும்தான். ஊட்டக் கூடாது. களைப்பாக இருந்தால் சும்மா உட்காரட்டும், அது போதும்.

மருமகள்: என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு என்பது அவள் முடிவு. அதற்கு மேல் அவளும் கேட்கக் கூடாது. செவ்வாய், வியாழன் காப்பகத்தில் கொண்டுவிட வேண்டும். அங்கே இருப்பவர்களிடம் தட்டைக் காலி செய்யச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று முதல் நாளே சொல்ல வேண்டும். அவள் சொல்லாவிட்டால் நான் கடிதம் எழுதுவேன்.

கட்டெறும்பு: எவ்வளவு என்று அவளே சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னாலும் அவளே.

நான்: திங்கள், புதன், வெள்ளி அவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். என் தட்டைப் பார்த்து. செவ்வாய், வியாழன் தனியாகச் சாப்பிட வேண்டும், பசித்த பிறகு. பன்னிரண்டரை ஆயிற்றே என்பதற்காக அல்ல. எவ்வளவு என்பதையும் நானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.